பஸ்ஸில் கேட்ட இடம்

கொழும்பு வெள்ளவத்தையில் டாக்டரிடம் கணவரின் முழங்காலைக் காட்டிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. ஏறிய பஸ்ஸில் ஒரேயொரு இடம்தான் இருந்தது. அதிலும் ஒரு பெண் தன் பையை வைத்திருந்தாள். இவர் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார்.

"அக்கே" என்று கூப்பிட்டு, இவருக்குக் கால் ஏலாது, இருக்கலாமா என்று சிங்களத்தில் கேட்டேன். பஸ்ஸில் அப்படித்தான் தமிழாக்கள் எங்களுக்குப் பழக்கம். அடுத்த தரிப்பிடத்தில் ஆள் ஏறும் என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். பரவாயில்லை என்று சிரித்தேன். உண்மையிலேயே கோபம் வரவில்லை.

பம்பலப்பிட்டியில் அவளுடைய போன் அடித்தது. "ஓம் அம்மா, பஸ்ஸில வாறன். மீனைக் கழுவி வையுங்கோ."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "தமிழாளோ நீர்? ஒரு நோயாளி நிக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அதை முதலே தமிழில கேட்டிருக்கலாமே அக்கா" என்று பையை எடுத்து மடியில் வைத்தாள். வருவதாகச் சொன்ன ஆள் கடைசிவரை ஏறவில்லை.

இறங்கியதும் இவர் சொன்னார்: "தமிழ் எண்டதால எனக்கு இடம் கிடைச்சுது. சிங்கள ஆளுக்குக் கால் நோகாதோ?"

"அதுக்குத்தானே அவளை ஏசினனான்."

"அவள் சிங்கள ஆளா இருந்திருந்தா ஏசியிருப்பீரோ?"

நாங்கள் இருக்கிற ஒழுங்கையில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். ஆனால் ஒருமுறை கோயில் பார்க்க தமிழ்நாட்டுக்குப் போனபோது, அறை சரியில்லை என்று லொட்ஜ்காரனோடு சண்டை பிடித்தேன். "நாங்கள் இலங்கை ஆக்கள், இப்பிடிக் கத்த மாட்டம்" என்று கத்தியே சொன்னேன். அங்கே எல்லாரும் தமிழ். பயம் இல்லாததால் வந்த வாயா அது? அப்படியென்றால் இங்கே இருக்கும் என் பொறுமை வெறும் பயம்தானா? பஸ்ஸில் வந்த அந்தப் பெண்ணும் என்னைப்போல அவளுடைய ஒழுங்கையில் நல்லவளாக இருப்பாளோ?

அடுத்த கிழமை திரும்பவும் டாக்டரிடம் போகவேண்டும். எந்தப் பாஷையில் இடம் கேட்பது என்று இப்போதே யோசிக்கிறேன்.

"நான் நிண்டே வாறன், நீர் வாயைத் திறவாதையும்" என்கிறார் இவர்.