மெரூன் பனியனும் இரண்டு நாள் பயிலரங்கும்

என் விசிட்டிங் கார்டில் 'லைட்டிங் டிசைனர்' என்று போட்டிருக்கும். கண்ணைச் சுருக்கிப் படிக்கும்படி மெல்லிய எழுத்து. அப்படி இருந்தால்தான் டிசைனர் என்று நம்புவார்களாம். திருப்பூரில் இதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "லைட்டுப் போடற அம்மிணி வந்திருக்குதுங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே, 'ஒளியும் நிறமும்: செய்து பார்க்கும் பயிலரங்கு, லைட்டிங் டிசைனர்களுக்கு மட்டும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அந்த 'மட்டும்' எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் இரண்டு நாள். வரும்போது ஒரே நிறத்தில் இரண்டு துணிகள் கொண்டுவர வேண்டும் என்று குறிப்பு அனுப்பியிருந்தார்கள். துணிக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. நேராக வேலம்பாளையத்தில், நான் லைட்டுப் போட்டுக் கொடுத்திருந்த பனியன் கம்பெனிக்குப் போனேன்.

அங்கே தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் ஹால் என் கைவண்ணம். முன்பு வரிசையாகப் பழைய ட்யூப் லைட்டும் தூசியும் ஒரு பல்லியும் இருந்த இடம். வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்கும் பையர் வந்தால் ஃபைவ் ஸ்டார் ஓட்டல் மாதிரித் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. தெரிய வைத்தேன். ஓட்டல் மாதிரி இருக்கும் அந்த ஹாலில் துணியின் நிறத்தையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. விளக்கின் வடிவம் அழகாக இருந்தது, வாங்கினேன். அது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று பெட்டியில் ஒரு எண் அச்சடித்திருந்தார்கள். பெட்டியைப் படிப்பதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை, டிசைனர் வேலையா?

அந்த ஹாலில் தலைமைச் செக்கராக ஒரு அக்கா இருந்தார். சோமனூர்ப் பக்கம், ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு லாட்டிலும் முதல் பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். நேர் வெயில் படாமல் கேட் நிழலில் நின்று, வானத்து வெளிச்சத்தில் உடம்புத் துணியையும் கழுத்துப் பட்டியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். உடம்புக்கு ஒரு துணி, கழுத்துக்கு வேறு துணி. தனித்தனியாகச் சாயம் ஏறி வருபவை. இரண்டும் ஒன்றுதான் என்று அவர் தலையாட்டிய பிறகே மற்றவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். நிறம் பார்ப்பதற்கென்றே லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டியும் கம்பெனியில் உண்டு. அதன் விளக்குகள் எப்போதோ எரிந்துபோய், மேலே டீ பிளாஸ்க் உட்கார்ந்திருந்தது.

புது விளக்கு போட்ட அன்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, எதுக்கும் ஒருக்கா வெளிய கொண்டு போய்ப் பாத்துக்கறனுங்களே?"

"எதுக்குங்க அக்கா வெயில்ல அலையறீங்க? வெயிலையே உள்ள கொண்டாந்துட்டனுங்க" என்றேன். அந்த வசனத்தை நான் முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். முதலாளிக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், செக்கிங் நேரத்தில் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று அப்போதே சட்டம் போட்டார். நானும் பெரிய மனுஷியாட்டம் தலையாட்டினேன்.

பிறகு ஒரு மெரூன் லாட் மொத்தமாகத் திரும்பி வந்தது. பையரின் ஆள் ஜன்னலோரம் நின்று பார்த்து, கழுத்து வேறு நிறம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். அக்காவுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று முதலாளி முடிவு கட்டினார். கண் டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தும், "டாக்டருக்குப் பனியனைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டு, அவரைப் பிசிறு வெட்ட உட்கார வைத்தார். கண்ணை வைத்தே அந்தத் தொழிலில் பேர் வாங்கியவர், மூலையில் உட்கார்ந்து நூல் நுனிகளை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வயசானால் பார்வை மங்குவது சகஜம்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

நான் போய்த் துணி கேட்டதும் அந்த அக்காவே எழுந்து போய் அந்த மெரூன் பனியன் ஒன்றை எடுத்து வந்தார். "இதைக் கொண்டு போங்க அம்மிணி. உங்க லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பயிலரங்கு நடத்தியவர் பெங்களூர்க்காரர். முதலில் விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டை 'உணர'ச் சொன்னார். கரண்ட் கட்டில் பல வருடம் இலவசமாக உணர்ந்த எங்களுக்கு அது பெரிய சிரமமாக இல்லை. பிறகு சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை ஒரே சுவரில் அடித்து, நடுவே கையை நீட்டச் சொன்னார். என் ஒரு கைக்கு மூன்று நிறத்தில் மூன்று நிழல் விழுந்தது. கிண்டலை விட்டுவிட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் இரண்டாம் நாள் மதியம் வரை இருந்தது. அவரவர் துணியை வெவ்வேறு விளக்குகளுக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். என் பனியன் முதல் விளக்கில் முழுக்க மெரூன். கடைசியாக, "துணியை எடுத்துக்கிட்டு எல்லாரும் வெளியே வாங்க" என்றார் பெங்களூர்க்காரர். இருபது டிசைனர்கள் ஆளுக்கொரு துணியோடு ஊர்வலமாகப் போய் ஓட்டல் பார்க்கிங்கில் வானத்தைப் பார்த்து நின்றோம். என் கையிலிருந்த பனியனின் உடம்பு மெரூனாகவே இருந்தது. கழுத்து செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது.

ஏதோ ஒரு கம்பெனிக்குத் திரும்பி வந்த பீஸ் என்று மட்டும் சொன்னேன். அவர் அதை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். "இந்த ரெண்டு சாயமும் ஒரு விளக்குல ஒத்துப்போகும், இன்னொண்ணுல ஒத்துப்போகாது. செக் பண்ணவங்க மேல தப்பே இல்ல. அந்த ரூமுக்கு லைட் போட்ட புத்திசாலி யாருன்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்று ஞாபகம்.

சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அக்கா மூலையிலேயே இருப்பார், என் ஹால் ஓட்டல் மாதிரியே இருக்கும். மூன்றாம் நாள் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. பனியனையும், முதலாளி நம்ப வேண்டுமே என்று சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"என்னம்மிணி, சர்டிபிகேட் வாங்கியாச்சுங்களா?" என்றார் முதலாளி.

"வாங்கிட்டனுங்ணா. கொஞ்சம் வாசலுக்கு வாங்க." கேட் நிழலில் நின்று பனியனை விரித்தேன். "அக்கா கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்ணா. நான் போட்ட லைட்டுதானுங்க கோளாறு. வெளிய போக வேண்டாம்னு சொன்னதும் நாந்தானுங்க."

அவர் பனியனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ அக்காவைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து பழைய டேபிளுக்கே வந்துருங்க" என்றார். லைட்டை மாற்றித் தரும்படி என்னிடம் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

அக்கா மடியில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"அங்க என்னங்க அம்மிணி சொல்லிக் குடுத்தாங்க?"

"பீஸை வெளிய கொண்டு போய், வானத்து வெளிச்சத்துல பாக்கோணும்னு சொன்னாங்க அக்கா."

அவர் என் கையிலிருந்த சர்டிபிகேட்டைப் பார்த்தார்.

"அதுக்கு ரெண்டு நாளுங்களா?"