இடது கன்னத்து வெளிச்சம்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் என் கல்லூரி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எதுவும் கிடையாது, மன்னிக்கவும். நடந்தது ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம்.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் படம் எடுப்பார். அக்கா ரிஃப்ளெக்டர் பிடிப்பாள். வீட்டில் அதற்குப் பெயர் வெள்ளித் தட்டு. வட்டமான சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளித்தாள். விளக்கு ஒரு பக்கம்தான் எரியும். அது எட்டாத இடது கன்னத்துக்கு, தட்டுதான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஊரில் பாதிப் பேருக்கு இடது கன்னம் என் அக்கா போட்ட பிச்சை என்று சொல்வேன். அந்தத் தட்டாலேயே என் மண்டையில் ஒன்று வைப்பாள்.

"கை வலிக்குதுங்க" என்பாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்பார் அத்தான்.

அந்த ஒன்று ஒன்பதாகும். வீட்டில் இது வழக்கமான நகைச்சுவை.

ஒருநாள் அந்த ஒன்றுக்கு நடுவில், அக்கா தட்டின் மேலேயே விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. இடது கை ரொம்ப நாளாக வலித்திருக்குமே, இதயம் அப்போதே சொல்லியிருக்குமே என்றார் டாக்டர். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து, கிழிந்த தட்டைக் குப்பை வண்டியில் போட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது. ஊர் முகத்தையெல்லாம் எடுத்த வீட்டில் அக்கா முகம் இல்லை. கல்யாண ஆல்பம் என்றோ மழைத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. என் போனில் இருந்ததெல்லாம், எடுக்காதடா என்று அவள் முகத்தை மறைத்த உள்ளங்கைகள். மிஞ்சியது ஒரு அடையாள அட்டை. அதில் இருப்பது அக்காதான் என்று அரசாங்கம் மட்டுமே நம்பியது.

அதன்பின் அத்தான் தனியாக எடுத்தார். எல்லோருக்கும் பாதி முகம் இருட்டு. அதைக் கம்ப்யூட்டரில் சரி செய்வார். நிழலைக் கொஞ்சம் தூக்கு, நிறத்தைத் தட்டிவிடு, அடுத்தது.

ஒரு மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் லைசென்ஸுக்குப் படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அத்தான் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வழக்கம்போல மெமரி கார்டில் இருந்ததை அழித்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்து, நிழலைத் தூக்கப் போனார்.

நிழல் இல்லை.

இடது கன்னம் வெளிச்சமாக இருந்தது. விளக்கு தராத, மெத்தென்ற வெளிச்சம். கை தவறி முன்பே திருத்திவிட்டோமோ என்று பார்த்தார். இல்லை. எடுத்தது எடுத்தபடி இருந்தது.

டிரைவரின் கண்ணைப் பெரிதாக்கினார். கருவிழியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒன்று விளக்கு. இன்னொன்று... வட்டம்.

வட்டத்தின் விளிம்பில் விரல்கள்.

பின்னால் 'சலக்' என்றது. வெள்ளித்தாள் அசைகிற சத்தம். திரும்பினார். ஸ்டூல். விளக்கு. சுவர்.

மறுபடி படம். வட்டத்துக்கு மேலே ஒரு தலை. கொஞ்சம் சாய்ந்த தலை.

வெளிச்சத்தைக் கூட்டினார். சேவ் செய்தார். இன்னும் கூட்டினார். நெற்றி தெரிந்தது. சேவ். புள்ளி புள்ளியாகப் பிசிறு. பிசிறை மழுக்கினார். சேவ்.

மூக்கு தெரிகிற மாதிரி...

சலக்.

இன்னும் கொஞ்சம்... சேவ்.

கம்ப்யூட்டர் நின்றுபோனது.

மறுபடி திறந்தபோது டிரைவரின் கண்ணில் வெறும் வெள்ளைத் திட்டு. அசலில் கை வைக்காதே, நகலில் வேலை பார் என்று எனக்குப் பாடம் எடுத்தவர், அன்று அவசரத்தில் அசலிலேயே கை வைத்திருந்தார். அடிக்கொரு தரம் சேவ் செய்வது அவர் விரலின் பழக்கம். கிடைத்த ஒரே முகத்தை அவரே வழித்துத் துடைத்திருந்தார்.

சாயங்காலம் நான் போனபோது விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். நான் விளக்கைப் போட்டேன்.

அப்போது டிரைவர் வந்தார். படத்தைப் பார்த்தார். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு என்று சந்தோஷப்பட்டார். போகிற போக்கில், வீட்டம்மா இல்லையா என்று விசாரித்தார்.

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளையா ஒரு தட்டு பிடிச்சிட்டு நின்னாங்களே, அவங்கதான். பாவம், கை வலிக்குதுங்கன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. உங்களுக்குக் கேக்கல போல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த காலி மூலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போதும்மா" என்றார். "கீழ வை. உக்காரு."

சலக்.

இந்தத் தடவை தரையில். எனக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அந்த ஸ்டுடியோவில் எடுக்கிற எல்லாப் படத்திலும் இடது கன்னம் இருட்டு. அத்தான் திருத்துவதில்லை. வருகிறவர்கள் திட்டுகிறார்கள். என் கல்லூரி அட்டையிலும் நான் பாதிதான். மீதி எங்கே தம்பி என்று வாட்ச்மேன் தினமும் கேட்கிறார்.

போன வாரம் அந்தப் படத்தைப் போனில் திறந்து, என் கண்ணைப் பெரிதாக்கினேன். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. விளக்கு.

அதற்குக் கீழே, மூலையில்... யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இடது கையை மடியில் போட்டு, வலது கையால் நீவிவிட்டபடி.

அத்தானிடம் சொல்லவில்லை.

சொன்னால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பார்.