டப்பாவில் சேர்ந்த தண்ணீர்

திண்டிவனத்தில் சவரிநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டப்பா சவரி என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக்குகளில் பாதிப் பேர் வழி சொல்வார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். நாற்பத்தெட்டு வயது. தொழில், வீடு வீடாகப் போய் ஆர்.ஓ. தண்ணீர் மிஷினுக்கு சர்வீஸ் பார்ப்பது. திங்கட்கிழமை விழுப்புரம் போய் ஃபில்டர்களை வாங்கி வந்தால் சனிக்கிழமை வரைக்கும் திண்டிவனம், பிரம்மதேசம், கோட்டக்குப்பம் என்று பழைய பைக்கில் ஒரே சுற்றுதான்.

டப்பா என்ற பேர் வந்ததற்கு அந்தப் பைக்தான் காரணம். வயசான இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். பிஸ்டன் ஓரமாகக் கசிகிற புகையும் ஆயில் ஆவியும் வெளியே போவதற்கு ஒரு ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள். சவரிநாதன் வண்டியில் அந்தக் குழாய் மூச்சோடு எச்சிலையும் சேர்த்துத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு ஈஸ்டர் அன்று பூசைக்குக் கிளம்பிய மனைவி அமலோற்பவமேரியின் வெள்ளைப் புடவையில் முழங்காலுக்குக் கீழே வரிசையாக ஆயில் புள்ளி. பூசை நடுவில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லச் சொல்லிப் பாதர் கேட்டபோது அந்த அம்மாள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

வேறொருவராக இருந்தால் குழாயைப் பின்சக்கரம் வரைக்கும் நீட்டி விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். சவரிநாதனுக்கு அதில் என்னதான் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். அவர் பையில் எப்போதும் நாலைந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணங்கள் கிடக்கும். ஆர்.ஓ. மிஷினுக்கு வெளியே, வண்டல் பிடிப்பதற்கு மாட்டுவார்களே, அவைதான். அதில் ஒன்றை எடுத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, இஞ்சின் குழாயை ஒரு பக்கம் செருகி, மூச்சு போவதற்கு இன்னொரு பக்கம் வழிவிட்டு, அடியில் திருகினால் வடிகிற மாதிரி ஒரு சின்னக் குழாயும் வைத்தார். ஆவி கம்பி நாரில் மோதி, ஆயில் சொட்டாகி அடியில் தங்கியது. முதல் டப்பா இஞ்சின் சூட்டில் இளகி வாய் கோணிப் போயிற்று. இரண்டாவதைச் சீட்டுக்கு அடியில் தள்ளி மாட்டினார், அது நின்றது. புடவைப் பிரச்சினையும் தீர்ந்தது.

அத்தோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. தெரிந்தவன், தெரியாதவன், டீக்கடையில் பக்கத்தில் நின்றவன் என்று பழைய வண்டி வைத்திருந்த எவனையும் விடவில்லை. காசுகூடப் பெரிதில்லை. மூன்று மாதம் கழித்து வந்து டப்பாவைக் காட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை. வடித்ததைச் சின்னச் சின்ன மருந்து பாட்டில்களில் ஊற்றி, வண்டி நம்பரை ஒட்டிச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தார். ஒன்று கரி, ஒன்று தேன் நிறம், ஒன்று செம்மண் குழம்பு. அமலோற்பவமேரி அதைக் கண்ணால் பார்க்காமல் சமைக்கப் பழகிக்கொண்டாள்.

பாட்டிலைப் பார்த்தே வண்டியின் ஜாதகம் சொல்லலாம் என்ற தெம்பு அவருக்கு வந்திருந்தது. அந்தத் தெம்புதான் கோட்டக்குப்பத்தில் ஒரு குடும்பத்தைப் பிரித்தது.

கோட்டக்குப்பத்து சாரா பீவி வீட்டுக்கு அவர்தான் ஆர்.ஓ. சர்வீஸ். அவள் கணவர் அப்துல் ஹலீம் குவைத்தில் ஏசி மெக்கானிக். போன வருஷம் லீவில் வந்தபோது ஹலீமின் பழைய பெரிய பைக்குக்கும் சவரிநாதன் ஒரு டப்பா மாட்டினார். ஹலீம் திரும்பிப் போகும்போது வண்டியை வீட்டு நடையில் நிறுத்தித் தார்பாய் போட்டு மூடி, யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த யாரும் என்பது முக்கியமாக சாரா பீவியின் தம்பி முகம்மது ஆசிப்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வயது, செல்போன் ரிப்பேர் கடை, வண்டி என்றால் உயிர்.

மழைக்காலம் முடிந்த சமயம், சாரா பீவி ஒரு போட்டோ அனுப்பினாள். டப்பாவில் அரைக் கிண்ணத்துக்கு வெள்ளையாக, காப்பியில் வெண்ணெயைப் போட்டு அடித்த மாதிரி ஒரு கூழ். சவரிநாதன் ஒரு வீட்டு மாடியில் ஏணியில் நின்றபடி போனைப் பார்த்தார், பார்த்த சூட்டோடு பதிலும் சொல்லிவிட்டார்.

"இது தண்ணி பூந்த வண்டிம்மா. வெள்ளத்துல யாரோ ஓட்டிக்கினு போயிருக்காங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் இல்லை, ஆசிப். அந்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது உண்மை. ஆசிப் அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை வந்ததும் உண்மை. ஹலீம் போனில் கேட்டார். ஆசிப் தொடவே இல்லை என்றான். பொய்யும் சொல்கிறாயா என்று ஹலீம் கத்தினார். அன்றைக்கு அக்கா வீட்டுப் படி இறங்கியவன்தான், இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை. மச்சான் என்ற வார்த்தையே அவன் வாயில் இல்லை. சாரா பீவி தம்பியை நம்பினால் கணவரோடு சண்டை, கணவரை நம்பினால் தம்பி இல்லை என்று நடுவில் நின்றாள்.

இது எதுவும் சவரிநாதனுக்குத் தெரியாது. ஃபில்டர் மாற்றும் நாள் வந்து அவர் போனபோதுதான் சாரா பீவி சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்னு நான்தாண்ணே அவருக்கு அப்படியே சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. ஒரு போட்டோவைப் பார்த்து ஒரு மனுஷனைப் பொய்யன் ஆக்கியிருக்கிறோம் என்பது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. டப்பாவைக் கழற்றி, அந்த வெள்ளைக் கூழைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

மறுநாள் பாட்டிலைக் கொதிநீரில் இறக்கி வைத்தார். மதியத்துக்குள் கூழ் பிரிந்து, ஆயில் மேலே ஏறி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் என்றால் அது அவருடைய சொந்த ஊர் மாதிரி. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் பேனா மாதிரி ஒரு மீட்டர் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கோட்டக்குப்பத்து போர் தண்ணீரில் விட்டால் ஆயிரத்து இருநூறு காட்டும். தெருவில் ஓடும் வெள்ளத்தில் சாக்கடை, மண், உப்பு எல்லாம் கலந்து ஐந்நூறாவது காட்டும். சிரிஞ்சால் அடித்தண்ணீரை உறிஞ்சி, மீட்டரை விட்டார்.

அறுபத்தெட்டு.

மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டார். அறுபத்தெட்டுதான். இவ்வளவு சுத்தமான தண்ணீர் இந்தக் கடற்கரையில் எந்தக் குழாயிலும் வராது, எந்த வெள்ளத்திலும் வராது. அப்படியானால் ஆசிப் சொன்னது நிஜம். அதோடு வேலை முடியவில்லை. தார்பாய்க்குள் நடையில் நின்ற வண்டி, தண்ணீரே ஊற்றாமல் காற்றிலேயே குளிர்கிற இஞ்சின். அதற்குள் இது எப்படி வந்தது? சவரிநாதனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கவலையில் பாதி, ஆசையில் பாதி. கண்டுபிடிக்காமல் இருக்க முடியாத ஆசை.

இவ்வளவு சின்ன எண்ணை எங்கே பார்த்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். விழுப்புரத்தில் புனிதா டீச்சர் என்று ஒருவர் வீட்டில் ஆர்.ஓ. குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏசியில் வடிகிற தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று அந்த அம்மாள் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல சவரிநாதன் அதில் மீட்டரை விட்டார். முப்பத்தொன்று. சவரிநாதன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இது ஆவி குளிர்ந்த தண்ணீர். டப்பாவில் இருந்ததும் ஆவி குளிர்ந்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். சரி, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குள் ஆவி எப்படிக் கிளம்பும்?

இதுவரைக்கும் தெரிந்ததை வைத்தே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒரு தடவை பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டு, வெள்ளிக்கிழமை நேராகக் கோட்டக்குப்பம் போனார். ஜும்மா தொழுகை முடிந்து தெருவெல்லாம் பிரியாணி வாசனை. சாரா பீவி வண்டியின் தார்பாயை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி, கிக்கரை ஓங்கி மிதித்தாள். நாலாவது மிதியில் வண்டி முழங்கியது. அவள் போனை சைலன்சர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். போனில் ஹலீமின் முகம். லேபர் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சவரிநாதன் குனிந்து பார்த்தார். சைலன்சர் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இரண்டே நிமிஷம். சாரா பீவி வண்டியை அணைத்தாள். அவர் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் அடிக்கிற அளவுக்குத்தான் சூடு. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இப்படி எத்தனை நாளாக என்று கேட்டார். போன தடவை அவர் குவைத்துக்குத் திரும்பிப் போனதிலிருந்து என்றாள். வெள்ளிக்கிழமை கட்டாயம், மனசு சரியில்லை என்றால் நடுவில் இன்னும் இரண்டு மூன்று நாளும் உண்டு.

"அந்த சத்தம் கேட்டாத்தான் ஊர்ல இருக்கற மாதிரி இருக்குன்னு சொல்வாருண்ணே," என்றாள். சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

சவரிநாதனுக்குச் சங்கடமாகிவிட்டது. தப்பு வெள்ளத்திலும் இல்லை, ஆசிப்பிடமும் இல்லை. இந்த இரண்டு நிமிஷ ஆசையில் இருந்தது. அதைப் போய் எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் போனால் அந்தப் பையன் பொய்யனாகவே இருப்பான். ஆசிப்பை வரச்சொல்லிவிட்டு, அவன் வரும்வரைக்கும் போனை வைக்க வேண்டாம் என்று ஹலீமிடம் கேட்டுக்கொண்டார். ஆசிப் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீர் ஆவியும் வரும் என்று சவரிநாதன் போனைப் பார்த்துச் சொன்னார். அதில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி உள்ளே இறங்கும். வண்டி நன்றாக ஓடிச் சூடானால் அந்த ஆவி மூச்சோடு வெளியே போய்விடும். இரண்டு நிமிஷத்தில் அணைத்தால் உள்ளேயே குளிர்ந்து, இட்லிப் பானை மூடியில் வேர்க்கிற மாதிரி வேர்த்து, ஆயிலில் கலந்து வெள்ளையாகிவிடும். மீட்டர் காட்டிய எண்ணையும் சொன்னார். நான் அவசரப்பட்டு வாய்விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்றும் சொன்னார்.

ஏசி மெக்கானிக்குக் குளிர்ந்த ஆவியைப் பற்றி இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"தெனம் அந்தத் தண்ணிய பக்கெட்ல புடிச்சி ஊத்தறவன் நான்," என்றார் ஹலீம். "எனக்கே தோணலியே." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இனிமே ஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்களா?"

"பண்ணலாம் பாய். பண்ணா அரை மணி நேரம் ஓட்டணும். ஓட்டாம நிறுத்தறதுதான் தப்பு. ஆயில மட்டும் இன்னைக்கே மாத்திடறேன், இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது."

சாரா பீவிக்கு ஸ்கூட்டிதான் ஓட்டத் தெரியும். ஓட்டுவதற்கு அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லார் கண்ணும் வாசலுக்குப் போயிற்று. ஆசிப் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் ஹலீம் போனில் அப்படியே இருந்தார். முடிந்ததும், "ஆசிப், சாவிய எடுத்துக்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆசிப் உள்ளே வந்து சாவியை வாங்கினான், அக்கா கையிலிருந்த போனையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். காதில் இயர்போன் ஒயரை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

போனவன் வருவதற்குள் சாரா பீவி இரண்டு தடவை டீ போட்டாள். முதல் டீயை அடுப்பிலேயே மறந்துவிட்டாள். அவன் திரும்ப வந்து வண்டியை அணைத்து, ஒயரைக் கழற்றி, அக்காவைப் பார்க்காமல் டீயை வாங்கிப் பாதி குடித்தான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை, என்னடா சொன்னார் என்று கேட்டாள்.

"பொம்மையார்பாளையம் போற வரைக்கும் மச்சான் ஒண்ணுமே பேசல. வண்டி சத்தத்தையே கேட்டுக்கினு வந்தாரு. திரும்பறப்ப, தப்பா பேசிட்டேண்டா ஆசிப்னாரு." இன்னொரு மடக்குக் குடித்தான். "காத்துல கேக்கல மச்சான்னேன். மறுபடி சொன்னாரு."

சாரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இத்தனை நேரமும் போனைப் பார்த்தே பேசியிருக்கிறோம், இந்தப் பையன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் சவரிநாதனுக்கு உறைத்தது. எழுந்து அவன் பக்கத்தில் போனார்.

"உன்னைப் பாக்காமலே உம்மேல பழி போட்டுட்டேன் தம்பி. எம்மேலதான் தப்பு."

ஆசிப் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் குடைந்துகொண்டான்.

"இன்னாண்ணே சொன்னீங்க? இஞ்சின் சத்தத்துல கேக்கல."

வண்டியை அணைத்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. சவரிநாதன் இன்னொரு தடவை சொன்னார்.