பனித்துறையில் நின்றவள்

இட்சுகோவுக்குப் பாட்டென்றாலே பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். அவளுக்குப் பிடிக்காதது ஒரே ஒரு பாட்டு. கெட்ட நேரம், ஜப்பான் முழுக்க அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் பிடித்த பாட்டும் அதுதான்.

ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் கணவாய் மீன் பிடிக்கும் சின்னத் துறைமுகம் அது. இருபது வயதில் இட்சுகோ அங்கே கணவாயைக் கீறிக் காயவைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில்தான் உகாய் ரியோஜி ஊருக்கு வந்தான். மதுக்கடை மதுக்கடையாகப் போய் கித்தார் வாசித்துப் பாடுகிறவன். நல்ல குரல். பனிக்காலம் முடியும்வரை அவள் அறையிலேயே தங்கிக்கொண்டான். பகலெல்லாம் தூக்கம், மாலையில் பாட்டு, இரவில் போதை. ஒரு நாள் மிசோ சூப் ஆறிப்போயிருந்தது என்று பீங்கான் குவளையை எடுத்து அவள் முகத்தில் எறிந்தான்.

மறுநாள் காலை நெற்றியில் வெள்ளைத் துணிக்கட்டோடு இட்சுகோ அவன் பெட்டியைக் கட்டினாள். கித்தாரைத் தோளில் மாட்டிவிட்டாள். டிக்கெட்டையும் அவளே வாங்கிக் கையில் திணித்தாள். கப்பல் முனையைத் தாண்டி மறையும்வரை கொட்டுகிற பனியில் துறையை விட்டு அசையவில்லை. ஆள் பாதி வழியில் குதித்துத் திரும்பி வந்துவிடுவானோ என்ற பயம். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் அவள் நிற்பதைப் பார்த்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. பேர் ‘பனித்துறை’. எழுதிப் பாடியவன் உகாய். வடக்குத் துறைமுகத்தில் ஒரு பெண். கப்பலேறிப் போன காதலனுக்காக நாளெல்லாம் காத்து நிற்கிறாள். நெற்றியில் விழுந்த பனிப்பூவைக்கூடத் துடைக்க மறந்து அழுகிறாள். கொட்டகையில் கத்திகள் அப்படியே நின்றன. பக்கத்தில் கீறிக்கொண்டிருந்த யசுயோதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அடியே, இது நீதானே?”

அன்றைக்குப் பிடித்தது சனி. படகுக்காரர்கள் அவளைக் கண்டால் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். கல்யாண விருந்துகளில் யாராவது எழுந்து அதைப் பாடிவிட்டு அவள் பக்கம் திரும்பித் தலை வணங்கினார்கள். “பாவம், எவ்வளவு உண்மையான காதல்” என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லை, நான்தான் அவனைத் துரத்தினேன் என்று அவள் சொன்னால், வெட்கத்தில் மறைக்கிறாள் என்று சிரித்தார்கள். யசுயோ ஒருத்திதான் நம்பினாள். ஒருத்தி நம்பி என்ன ஆகப்போகிறது?

டொகுசோ என்ற கணவாய்ப் படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன், வாயில்லாப் பூச்சி. தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு தொடங்கியதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான். குளித்துவிட்டு வந்து ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட உட்காருவான். அவளும் பேச மாட்டாள். ஏதாவது சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று நினைத்தாள். ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகளும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்தான் டொகுசோ கேட்டான்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு நீ அவனுக்காகத்தான் நின்னியா?”

“இல்லீங்க. அவன் திரும்பி வந்துடக் கூடாதேன்னு நின்னேன்.”

“சரி, சரி” என்று அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. நம்பினானா, இல்லையா? தெரிந்துகொள்ளாமலேயே அவனை எரித்துவிட்டு வந்தாள். அதற்கு முன்பு அந்தப் பாட்டு அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் நெருப்பாகிவிட்டது.

டொகுசோ போய் மூன்றாம் வருடம், நகராட்சியில் சுற்றுலாப் பிரிவைப் பார்க்கிற நொனோமியா கேக் பெட்டியோடு வந்தார். துறையில் ‘பனித்துறை’ பாட்டுக்கு நினைவுக் கல் வைக்கப் போகிறார்களாம். பொத்தானை அழுத்தினால் பாட்டு ஒலிக்குமாம். கல் வைக்கப்போகிற இடம் இட்சுகோ வீட்டு வாசலுக்கு நேர் எதிரே.

“நீங்கதாம்மா கல்லு மேல மூடின துணிய இழுத்துத் திறந்து வைக்கணும். உகாய் சாரே டோக்கியோவுலேருந்து நேர்ல வர்றாரு.”

கேக்கைத் தெருவில் வீசலாம் என்று எழுந்தவள், கடைசி வார்த்தையைக் கேட்டு உட்கார்ந்தாள். “வர்றேன்” என்றாள்.

அந்த நாளில் துறை நிறையக் கூட்டம். உகாய் கறுப்புக் கண்ணாடி போட்டு, வெள்ளை முடியைப் படிய வாரி, கைத்தடியோடு நின்றான். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

“நெத்தியில பனிப்பூன்னு இந்தப் பாட்டுல ஒரு வரி வருதே, அது பனி இல்ல. துணிக்கட்டு. இவன் குவளையை விட்டெறிஞ்சு மண்டைய ஒடைச்சான். அதுக்குப் போட்ட கட்டு. இவனுக்காக நான் காத்து நிக்கல. ஒழிஞ்சானான்னு பாக்க நின்னேன்.”

உகாய் மெல்ல வந்து அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

“பாத்தீங்களா? இத்தனை வருசமாச்சு, கோவம் இன்னும் தணியல. என்னையே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சில கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இட்சுகோ அவனை நெருங்கினாள்.

“உண்மைய சொல்லுடா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“உண்மைய எவன் வாங்குவான் இட்சுகோ? அழுவுற பொம்பளதான் விக்கும். ஒன் பேர நான் எங்கயும் சொல்லலையே.”

“ஊருக்கே அடையாளம் தெரியற மாதிரி எழுதிட்டு, பேரச் சொல்லலையாம். என் புருசன் இதைக் கேட்டுக் கேட்டே செத்தான்டா.”

அவன் படம் பிடிப்பவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். இட்சுகோ துணியைத் தொடாமல் வீட்டுக்குப் போனாள். நொனோமியாவே இழுத்துத் திறந்தார்.

அதற்குப் பிறகு தினமும் பாட்டுத்தான். பேருந்து வந்து நிற்கும், யாராவது பொத்தானை அழுத்துவார்கள், ஜன்னல் கண்ணாடி அதிரும். இட்சுகோ ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடப்பாள். அழுத்தியவர் யாராக இருந்தாலும் சரி, நிற்கவைத்து நடந்ததைச் சொல்லி, புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பைக் காட்டுவாள். சிலர் பயந்து பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். சிலர் செல்போனை நீட்டினார்கள். கடைசியில் நொனோமியா ஒரு சிவப்புச் சட்டையோடு வந்து, “இதையே வழிகாட்டியா செய்ங்களேம்மா, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றார். சட்டை அவர் முகத்திலேயே போய் விழுந்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தனியாக ஒரு பெண் வந்தாள். இட்சுகோ வயதுதான் இருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு. பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இட்சுகோ போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் முழுதும் கேட்டாள். அவள் முகம் சிவந்தது.

“இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?”

“உண்மை தெரியணும்ல?”

“திரும்பி வர்றேன்னு சொல்லிட்டுப் போன ஒரு ஆளுக்காக நான் கல்யாணமே பண்ணிக்காம இருந்தேன். என் அம்மா திட்டினா, அக்கா திட்டினா. நம்மள மாதிரி இன்னொருத்தியும் எங்கயோ நிக்கிறான்னு இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தாங்கிக்கிட்டேன். இப்ப வந்து நீங்க காத்து நிக்கவே இல்லைங்கறீங்க.”

“நான் உங்கள நிக்கச் சொல்லலையே” என்றாள் இட்சுகோ. அவள் குரலும் ஏறியது.

“நீங்க சொல்லல. சொன்னவன் எங்க?”

உகாய் டோக்கியோவில் சுகமாக இருந்தான். இங்கே துறையில் நின்றவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அந்தப் பெண் இட்சுகோவை முறைத்துக்கொண்டே மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. வேண்டுமென்றேதான் அழுத்தினாள் என்பது இட்சுகோவுக்குத் தெரிந்தது. ஆனாலும் குறுக்கிடாமல், பற்களைக் கடித்துக்கொண்டு, பனிப்பூ வரி வந்து போகும்வரை, பாட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

முடிந்ததும் அந்தப் பெண் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். இட்சுகோ வீட்டுக்குள் வந்து, மாலைக்கு அரிசி களைந்தாள். அரிசி ஊறுவதற்குள் எதிரே யாரோ மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் செருப்பைத் தேடினாள்.