இடுப்போடு முடிந்த கண்ணாடி

மகளுக்குப் பார்சல் வந்தது. பிரித்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசனை. உள்ளே பஃப் கை வைத்த சட்டை. தோளுக்கு ஒன்றாக இரண்டு பூசணிக்காய் உட்கார்ந்த மாதிரி உப்பல். அவளுக்கும் என் தோள்தான். திருப்பி அனுப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வாசனை என்னை வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு மேலே பாரம், கீழே காற்று. தோளும் மார்பும் அகலம். இடுப்புக்குக் கீழே அவசரத்தில் முடித்த வேலை. முதலில் பெண் பார்க்க வந்த அம்மாள் காபியை நிதானமாகக் குடித்துவிட்டு, "பொண்ணு கபடி ஆடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை.

அப்போது நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ரயில்வே கேட் போட்டால் எங்கள் கம்பெனி பஸ்ஸும் இன்னொரு கம்பெனி பஸ்ஸும் ஒட்டி நிற்கும். அந்த ஜன்னலில் ஒருவர் எப்போதும் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பார்க்கவில்லை என்பதுபோல் தினமும் பார்ப்பேன். தரகர் கொண்டுவந்த அடுத்த போட்டோவில் அவரே இருந்தார். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. இந்த இடமும் கபடியில் போய்விடக் கூடாதே என்று எனக்குத் தூக்கமில்லை.

கூட வேலை செய்த வசந்தா பொறுப்பேற்றாள். "தோளை அடக்குடி, கீழ தூக்கிக் காட்டு." ஜாக்கெட் அடர்நீலம், பூ போடாதது, கை ஒட்டினாற்போல. முந்தானையை மடித்துக் குத்தக் கூடாது, ஒற்றையாக விட வேண்டும். புடவைக்குக் கீழ்க்கரை அகலமாக இருக்க வேண்டும். எண் போட்டு எழுதிக்கொண்டேன். அப்போதே எதையும் எழுதிவைக்கும் ஆள் நான்.

சிக்கல் கண்ணாடியில் வந்தது. எங்கள் பீரோக் கண்ணாடி இடுப்போடு முடிந்துவிடும். தரையில் நின்றால் தோள் மட்டும். முக்காலியில் ஏறினால் தலையில்லாத ஒருத்தியின் கால். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

"தோள் தெரியுதாடி?"

"தெரியவே இல்லடி," என்று கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள் வசந்தா. "கீழதான் இன்னும் பத்தல."

அதனால் உள்பாவாடை இரண்டானது. வடித்த கஞ்சி முழுவதையும் புடவைக்கே ஊற்றினாள். காய்ந்த புடவை சுவரில் சாய்த்தால் தானாக நின்றது.

கோயில் மண்டபத்தில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்கார்ந்தேன். புடவை உட்காரவில்லை. கொசுவம் முறம்போல் நிமிர்ந்து என் முகத்தை மறைத்தது. மாப்பிள்ளையின் அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். நான் அமுக்கினேன். அது மொறமொறவென்று சத்தம் போட்டு மறுபடி எழுந்தது.

வேர்க்கடலைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "கேட்டாண்ட பஸ்ல பாக்கும்போது கம்பீரமா இருந்தீங்க. அதனாலதான் தரகரை அனுப்பினேன். அந்தத் தோளை இன்னா பண்ணீங்க?"

"இருக்குது," என்றேன். அந்த மண்டபத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை.

தூணுக்குப் பின்னாலிருந்து வசந்தாவின் குரல் கேட்டது: "அடிப்பாவி, அவ்ளோ கஞ்சியும் வேஸ்ட்டா!"

வேர்க்கடலைக்காரரோடு குடித்தனம் நடத்தி இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பீரோ பழைய இரும்புக்குப் போனது. குக்கர் வந்தபின் வீட்டில் கஞ்சி வடிப்பதில்லை. வசந்தா கல்யாணமாகித் திருப்பூர் போனவள். பொங்கலுக்குப் பேசுவதோடு சரி.

மகள் சட்டையைப் போட்டுக்கொண்டு, உச்சி முதல் பாதம்வரை தெரியும் கண்ணாடிமுன் நின்றாள்.

"தோள் பெருசா தெரியுதாமா?"

"தெரியுதுடி."

"அப்ப சரி," என்று பார்சல் கவரைக் கசக்கிப் போட்டாள்.

அந்தக் கேள்விக்குக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பதில் சொல்ல, இவளுக்கு ஒரு வசந்தா தேவைப்படவில்லை.