அரை மணி நேரம் பாரமில்லாத கால்

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு ‘ஆடாதே அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடங்களாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் சொல்வது அது ஒன்றுதான். தூக்கத்திலும் அதையே சொல்கிறாள், புரண்டு படுக்கவே பயமாக இருக்கிறது என்று அவள் கணவன் புலம்புவான்.

அன்று வந்தவள் பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டைக் கழுவுகிறவள். மண்டியிட்டுத் தேய்த்துத் தேய்த்து வலது முழங்கால் மடங்க மறுத்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சாதாரண ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. நடிக்கிறாள் என்று சூப்பர்வைசர் முடிவே கட்டிவிட்டார். எலும்பு டாக்டர் மட்டும் விடவில்லை. குருத்தெலும்புக்குள் இருக்கும் நீரை நிறம் நிறமாகக் காட்டுகிற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். அதிலும் ஒன்றுமில்லை என்றால் வேலை போய்விடும்.

நடந்து வந்த காலை அப்படியே படமெடுத்தால் ஏமாற்றும். உடம்பின் பாரத்தில் நீர் பிதுங்கி, கெட்ட இடமும் நல்ல இடம் போலத் தெரியும். அதனால் அக்கா அவளைச் சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அடுத்தவரை முதலில் அனுப்பினாள்.

அரை மணி முடிந்தபோது மேனேஜர் வந்து நின்றார். அவள் முறை போய்விட்டதாம், மூன்று வாரம் கழித்து வரட்டுமாம். முதலாளியின் மைத்துனர் முதுகுத்தண்டு ஸ்கேனுக்குக் காத்திருக்கிறாராம். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காந்தம் இழுக்காத அந்த நாற்காலியை உள்ளே தள்ளி, அவளைப் படுக்கவைத்துக் காலைக் கட்டினாள். இறக்கிவிடப் போகிறேன் என்று மேனேஜர் காந்த அறைக் கதவில் கை வைத்தார்.

“உள்ள காந்தம் இருக்கு சார். உங்க பாக்கெட்டுல சாவி இருக்கு. வெளியவே நில்லுங்க.”

அவர் நின்றார். உள்ளே இருந்தவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

ரேடியாலஜி டாக்டர் திரையைப் பார்த்து, முழங்கால் சில்லுக்குப் பின்னால் நிறம் மாறியிருந்த திட்டைக் காட்டினார். குருத்தெலும்பு நைந்துகொண்டிருக்கிறது, இந்தக் கால் இனி மண்டியிடக் கூடாது என்றார். அக்காவுக்கு மேனேஜர் மெமோ அடித்துக் கொடுத்தார். அதன் கீழே ‘நாளைக்கும் இப்படித்தான் எடுப்பேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

படிக்கட்டு கழுவுகிறவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னொண்ணு குடுங்கக்கா. டாக்டருக்கு ஒண்ணு. இன்னொண்ணை சூப்பர்வைசர் மேசை மேல வைக்கணும். நடிக்கிறது எங்கன்னு அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.”