மாவு மாத்திரைக்குப் பத்தியம்

1. டாக்டர் சொல்லாத பத்தியம்

"பத்தியம் இன்னா சிஸ்டர்?"

முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நர்ஸ் வேலையிலிருந்து ரிடையர் ஆனதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், திருவொற்றியூரில் மருந்துகளைச் சோதிக்கும் ஒரு ஆராய்ச்சி மையத்தில் ட்ரையல் கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்திருந்தேன். பேர்தான் பெருசு. ஆட்களைச் சேர்ப்பது, மாத்திரை கொடுப்பது, வராதவர்களைப் போனில் துரத்துவது, அவ்வளவுதான் வேலை.

முட்டிவலிக்கான ஒரு சித்த மருந்துச் சூரணத்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்குச் சூரணம் அடைத்த கேப்சூல். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வாடையில் டம்மி. உள்ளே வெறும் மாவு. அதற்குப் பிளாசிபோ என்று பெயர். யாருக்கு எது போகிறது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, எங்கள் பெரிய டாக்டருக்கும் தெரியாது. இப்படி எல்லோருமாகச் சேர்ந்து முழிப்பதற்குத்தான் டபுள் பிளைண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாட்டு மருந்தால் தீராத நோயே இல்லை என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களைப் பெரிய டாக்டருக்குப் பிடிக்காது. எல்லாம் டுபாக்கூர் என்று சிரிக்கிறவர்களையும் பிடிக்காது. "சோதிச்சுப் பாரு, அப்புறம் பேசு" என்பார். அதனால் பத்தியம் பற்றிய கேள்விக்கு அவரே எழுந்து நின்று பதில் சொன்னார்.

"பத்தியம் எதுவும் கிடையாது. வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க. நீங்க சாப்பாட்டை மாத்தினா, வலி குறைஞ்சது மருந்தாலயா சாப்பாட்டாலயான்னு எங்களுக்குத் தெரியாம போயிடும்."

எல்லோரும் மண்டையை ஆட்டினார்கள். பத்தியம் இல்லாத நாட்டு மருந்தை ராயபுரத்திலும் எர்ணாவூரிலும் யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை என்பது, ஏசி ரூமில் உட்கார்ந்து புரோட்டோகால் என்ற சோதனை விதிகளை எழுதியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

2. மாரி

அன்று வந்தவர்களில் மாரி ஒருவர். துறைமுகத்தில் லாஷிங் வேலை. அதாவது, கப்பலில் அடுக்கிய கண்டெய்னர் மேல் ஏறி, அது ஆடாமல் இருக்கக் கம்பி போட்டு இறுக்குவது. ஐம்பது வயது, பெரிய தொப்பை, இரண்டு முட்டியும் வீக்கம். ஏணியில் ஏற முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம்.

"இந்த மருந்து கேக்கலன்னா வாட்ச்மேன் வேலைக்குத்தான் போவணும் சிஸ்டர். அதுக்கும் நிக்கிறதுக்குக் கால் வோணுமே" என்றார்.

கூடவே மனைவி சரசா. ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் செய்கிறவர். பூப்போட்ட நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அன்று ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சாதுவான அம்மா என்று நினைத்தேன். ஆளை எடை போடும் சாமர்த்தியம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கம்மிதான்.

3. எடை மிஷின் மேல் சந்தேகம்

மாதாமாதம் ரிவ்யூவுக்கு வருவார்கள். வலி எப்படி என்று கேட்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம், எடை பார்ப்போம். இரண்டாவது மாதமே எல்லோருக்கும் வலி குறைய ஆரம்பித்தது. டாக்டர் முகத்தில் பிரகாசம். மூன்றாவது மாதம் இன்னும் குறைந்தது. பிரகாசம் போய்விட்டது.

"பாதிப் பேர் மாவு சாப்பிடறாங்க சிஸ்டர். எல்லாருக்கும் எப்படிக் குறையும்?" என்றார்.

எனக்கு வேறு கவலை. வருகிறவர்கள் அத்தனை பேரும் எடை குறைந்திருந்தார்கள். மிஷின்தான் பேஜாராகிவிட்டது என்று புதுசு வாங்கி வைத்தோம். புதுசும் அதையே காட்டியது. நானே ஏறிப் பார்த்தேன். என் எடை மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் மிஷின் மேல் தப்பில்லை என்று புரிந்தது.

அடுத்த ரிவ்யூ நாளில் மருந்து அலமாரியைத் துடைக்கிற சாக்கில் வெயிட்டிங் பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். சரசா புதிதாக வந்த ஒரு அம்மாவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கருவாடு கூடாது. புரோட்டா கூடாது. பஜ்ஜி, போண்டா கிட்டயே போவக் கூடாது. முக்கியமா சரக்கு. சரக்கு மேல இந்த மருந்து பட்டா உள்ள வெஷமாயிடும். டாக்டரே சொன்னாரு."

"எந்த டாக்டர் சொன்னார், சரசா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தவர் பயப்படவில்லை. என்னைத் தனியாக மாடிப்படி பக்கம் கூட்டிப் போனார்.

"எந்த டாக்டரும் சொல்லல சிஸ்டர். நான்தான் சொன்னேன். கண்ணாலமான நாள்லேர்ந்து குடிக்காதன்னு சொல்லிகினு கீறேன், அந்தாளு காதுல ஏறல. டாக்டர் சொன்னாருன்னதும் கப்சிப்புனு வுட்டுட்டான். அந்த சந்தோஷத்துல பெஞ்சுல குந்திகினு இருந்தவங்களுக்கும் சொன்னேன். அவங்க வூட்லயும் இதே கததானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்போ ஏணி ஏறுறான் சிஸ்டர். மருந்து நின்னா பத்தியமும் நின்னுடும். மறுநாளே கடைக்குப் பூடுவான். எப்டியாவது மாத்திரைய நிறுத்தாம பாத்துக்கோ."

டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்தார். குடியுங்கள், பஜ்ஜி சாப்பிடுங்கள் என்று எந்த டாக்டரால் சொல்ல முடியும் என்று அப்படியே விட்டுவிட்டார். மருந்தோடு கூட வேறொன்றும் புகுந்து வேலை செய்தால், அதற்குக் கோ-இன்டர்வென்ஷன் என்று பெயர். எங்களுடையது நைட்டி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

4. குறியீடு பிரித்த நாள்

ட்ரையல் முடிந்ததும் யாருக்கு எந்த மாத்திரை போனது என்ற ரகசியக் குறியீட்டைப் பிரித்தோம். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சூரணம் வேலை செய்கிறது என்றும் எழுத முடியாது, செய்யவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு இளைத்தால் முட்டிக்கு நல்லது என்பது மட்டும் மறுபடி நிரூபணமானது. அதற்கு எங்களுடைய ட்ரையல் தேவையே இல்லை.

மாரிக்குப் போனது மாவு.

முடிந்ததும் உண்மையைச் சொல்வோம் என்று ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தோம். சரசா வாசலிலேயே, எதுவும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் மனசு சரியில்லை. ஆனாலும் டாக்டர் முன்னால் உட்காரவைத்துச் சொன்னேன்.

"மாவா?" என்றார் மாரி. "இத்தினி மாசமா மாவுக்கா நான் பத்தியம் இருந்தேன்?"

டாக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்கதான் பத்தியமே சொல்லலையே" என்றார்.

மாரி மெதுவாகச் சரசா பக்கம் திரும்பினார். சரசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை வெடிக்கப் போகிறது என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். மாரியும் எழுந்தார். தரையில் குந்தினார். எதையும் பிடிக்காமல் எழுந்தார். மறுபடியும் குந்தி எழுந்தார்.

"அப்போ கருவாடு துன்னலாமா?" என்றார்.

"துன்னு" என்றார் சரசா, நிமிராமல்.

"அது?"

சரசா அழுதுகொண்டிருந்தார். மாரி அவரைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் திரும்பினார்.

"சார், நீயே ஒரு தபா வாயால சொல்லிடு. இவ சொன்னா நான் கேக்க மாட்டேன். என்னப் பத்தி எனக்கே தெரியும்."

பத்தியமே கிடையாது என்று அன்று எழுந்து நின்று சொன்ன அதே டாக்டர், இன்றும் எழுந்து நின்றார். "மாரியப்பன், இனிமே குடிக்கக் கூடாது."

"எத்தினி நாளிக்கி சார்?"

"ஆயுசுக்கும்."

"சரி சார்" என்றார் மாரி, புது மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிறவர் போல.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: மாத்திரை சாப்பிடுகிறவரிடம் கேட்டு முடித்ததும், கூட வந்தவரிடமும் கேளுங்கள். உங்கள் ட்ரையலை உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்று தெரியும்.

இது நான் கற்றது. சரசா கற்றது வேறு. படியிறங்கும்போது மாரியை முன்னால் போகவிட்டு, என் காதில் கேட்டார்:

"அடுத்த ட்ரையல் எப்போ சிஸ்டர்? பீடிக்கு ஒரு மாத்திரை இருந்தா சொல்லு. மாவா இருந்தாலும் பரவால்ல."